தலைக்கவசத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: பனிச்சறுக்குக் காகிள்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பருவத்தின் முதல் வாரத்தில் என்னிடம் பனிச்சறுக்குப் பழக வந்தவர்களில் நான்கு பேர் புத்தம்புதிய காகிள்ஸ், அதாவது பட்டையால் தலையில் மாட்டிக்கொள்ளும் காப்புக் கண்ணாடி, அணிந்து வந்திருந்தார்கள். நண்பகல் ஆவதற்குள் அவர்களில் மூவர் அதைத் தலைக்கவசத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, வெறும் கண்களை இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மூக்கை அழுத்தியது. இன்னொருவருக்கு லென்ஸின் உள்ளே ஆவி படிந்து வழியே தெரியவில்லை. மூன்றாமவருக்கு நெற்றிப்பொட்டில் வலி. மூவருமே மலிவான பொருளை வாங்கியவர்கள் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

பனிச்சரிவில் வெறும் கண்ணோடு இருப்பது சின்ன விஷயம் அன்று. புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போதெல்லாம் அக்கதிர்களின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. கருவிழியின் மேற்பரப்பு இக்கதிர்களால் வெந்துபோவதைத்தான் பனிக்குருடு என்கிறோம். அதன் வலி உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தத் தொடங்கும். ஆகவே, காலையில் அணிந்ததை மாலைவரை கழற்றத் தோன்றாத காகிள்ஸைத்தான் நான் நல்ல காகிள்ஸ் என்பேன். கீறல் விழுந்ததை வாங்கக் கூடாது, பையில் போட்டுப் பாதுகாக்க வேண்டும் என்பவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைக்கவசம் இல்லாமல் காகிள்ஸைத் தேர்வு செய்வது

எல்லாத் தவறுகளிலும் பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவதும் இதுதான்.

சறுக்கத் தொடங்கிய இரண்டாவது ஆண்டில், அகலமான கோள வடிவ லென்ஸ் பொருத்திய ஒரு காகிள்ஸை வாங்கினேன். கூடவே, மேகமூட்டமான நாளுக்கு ஒன்றும் கடும் வெயிலுக்கு ஒன்றுமாக இரண்டு மாற்று லென்ஸ்களையும் வாங்கினேன். கடையில் வெறும் தலையோடு அணிந்து பார்த்தபோது அது முகத்தில் மெத்தையைப் போல் உட்கார்ந்தது. தலைக்கவசத்தோடு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, விற்பவர் "எல்லாத் தலைக்கவசத்துக்கும் பொருந்தும்" என்றார். நானும் நம்பினேன்.

சரிவில் நடந்தது வேறு. தலைக்கவசத்தின் முன் விளிம்பு காகிள்ஸின் மேல் விளிம்பின்மீது உட்கார்ந்துகொண்டது. கீழே பார்த்து நிற்கும்வரை ஒன்றும் தெரியவில்லை; தூரத்தைப் பார்க்க முகவாயை உயர்த்தியதும் தலைக்கவசம் முன்னோக்கிச் சரிந்து, காகிள்ஸின் ஃபிரேமை அப்படியே கீழே தள்ளியது. ஃபிரேம் கீழிறங்கினால் அது போய் நிற்கும் இடம் மூக்கின் மென்மையான பக்கங்கள்தாம். இரு நாசித் துவாரங்களும் பாதி அடைபட, வாயால் மூச்சுவிடத் தொடங்கினேன். அந்த ஈரமான மூச்சு கழுத்துத் துணிக்குள் சிக்கி, மேலே ஏறி, ஃபிரேமின் கீழ்த் துளைகள் வழியாக நேரே லென்ஸுக்குள் போனது. வெளியேற வேண்டிய மேல் துளைகளையோ தலைக்கவசத்தின் விளிம்பு மூடிக்கொண்டிருந்தது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே போக வழியில்லை. லென்ஸ் பால்போல் வெளுத்தது.

குறை பொருத்தத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள், தலைக்கவசம் தளர்வாக இருப்பதாக எண்ணி அதன் பின்புறத் திருகை இறுக்கினேன், தலைவலிதான் மிச்சம். இரண்டாம் நாள், லென்ஸின் பூச்சில் குறை என்று முடிவு செய்து, ஆவி படியாமல் தடுக்கும் திரவம் ஒன்றை வாங்கிப் பூசினேன். மூன்றாம் நாள், வெளுத்த லென்ஸின் வழியே ஒரு சிறு மேட்டைக் காணாமல் அதில் மோதி விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். வேறு காகிள்ஸ் வாங்கியபோதுதான் இழப்பின் முழு அளவும் தெரிந்தது: மாற்று லென்ஸ்கள் அந்த ஒரு ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தக்கூடியவை, ஆகையால் ஃபிரேமோடு சேர்ந்து அவையும் பயனற்றுப் போயின.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஃபிரேம் உயரம் குறைந்ததாகவும் தலைக்கவசத்தின் விளிம்பு மேலேறியதாகவும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே நெற்றியில் ஒரு பட்டை வெறுமையாக நிற்கும். வேகமாக இறங்கும்போது குளிர்காற்று அந்த இடத்தில் கத்திபோல் இறங்கி, சற்று நேரத்தில் நெற்றி முழுவதும் விண்விண்ணென்று தெறிக்கும். இன்னும் சிலருக்கு நடுவில் இரண்டும் சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கும். வளைவு ஒத்துப்போகாததால் ஓரங்களில் தலைக்கவசம் ஃபிரேமை உள்பக்கமாக நெருக்கும். என் மாணவர் ஒருவருக்கு நெற்றிப்பொட்டு வலித்தது இதனால்தான். அவர் காகிள்ஸின் பட்டையைத் தளர்த்திக்கொண்டே இருந்தார். வலி பட்டையிலிருந்து வரவில்லை.

ஆகவே, கடைக்குப் போகும்போது உங்கள் தலைக்கவசத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலில் அதை நேராக அணிந்து, முகவாய்ப் பட்டையையும் மாட்டிக்கொண்டு, அதன் பிறகே காகிள்ஸை அணியுங்கள். கண்ணாடியில் பார்க்கும்போது இரண்டின் விளிம்புகளும் இடைவெளி இல்லாமல், ஆனால் ஒன்றை ஒன்று தள்ளாமல் அடுத்தடுத்து அமைந்திருக்க வேண்டும். பிறகு கூரையை அண்ணாந்து பாருங்கள். குனிந்து கால்விரலைப் பாருங்கள். வாயை அகலத் திறந்து மூடுங்கள். இம்மூன்றின்போதும் மூக்கால் விடும் மூச்சில் எந்த மாற்றமும் தெரியக் கூடாது. இறுதியாக, உள்ளங்கையைத் தலைக்கவசத்தின் முன்புறத்தில் வைத்து மெதுவாகக் கீழே அழுத்துங்கள். காகிள்ஸ் மூக்கின்மேல் வழுக்கி இறங்கினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். காகிள்ஸையும் தலைக்கவசத்தையும் ஒரே நிறுவனம் செய்திருந்தால் பொருந்துவதற்கு வாய்ப்பு அதிகம். ஆனாலும் அளவுகள் வேறுபடுவதால், இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு அது காரணம் ஆகாது. இணையத்தில் வாங்குபவர்கள், திருப்பி அனுப்ப முடியும் என்பதை உறுதி செய்துகொண்டு, விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

மூக்கின் இருபுறமும் உள்ள இடைவெளியைப் பொருட்படுத்தாதது

மூக்குத்தண்டு தாழ்ந்தும் கன்ன எலும்பு உயர்ந்தும் உள்ள முகங்களுக்குச் சாதாரண ஃபிரேம்கள் சரியாக உட்காருவதில்லை. கன்னத்தில் முட்டிக்கொண்டு, மூக்கின் இருபுறமும் சிறு முக்கோணமாக வெளிச்சம் விடும். இவ்வளவு சிறிய இடைவெளியால் என்ன ஆகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கிலிருந்து வரும் வெப்பமான மூச்சு நுழைவதும் அந்த வழியில்தான், காற்று புகுந்து கண்ணில் நீர் வரவழைப்பதும் அந்த வழியில்தான்.

ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் எலும்பிலும் தந்தத்திலும் மரத்திலும் செதுக்கிக்கொண்ட பனிக்கண்ணாடிகளில் லென்ஸே கிடையாது. ஒரு மெல்லிய பிளவு மட்டுமே இருக்கும். அவை முகத்தோடு ஒட்டி அமைந்து, பிளவைத் தவிர வேறு வழியில் ஒளி நுழையாததால்தான் கண்ணைக் காத்தன. இன்றைய காகிள்ஸில் அந்த ஒட்டுதலைத் தருவது ஃபிரேமின் உள்பக்கத்தில் இருக்கும் பஞ்சு.

சோதிப்பது எளிது. பட்டையைத் தலையில் மாட்டாமல், காகிள்ஸை உள்ளங்கையால் முகத்தில் மெதுவாகப் பொருத்திப் பிடியுங்கள். பஞ்சு நெற்றி, நெற்றிப்பொட்டு, கன்னம், மூக்கு என எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தொட வேண்டும். கீழ்நோக்கிப் பார்த்தால் தரை தெரியக் கூடாது. தெரிந்தால், தாழ்ந்த மூக்குத்தண்டுக்கென்று மூக்குப் பகுதியில் கூடுதல் பஞ்சு வைத்துச் செய்யப்படும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

பொருந்தாததைப் பட்டையால் இறுக்கிச் சரிசெய்ய நினைப்பது

பட்டையின் வேலை காகிள்ஸை இடத்தில் நிறுத்துவது மட்டுமே. ஃபிரேமின் வடிவத்தை அது மாற்றாது. இறுக்க இறுக்கப் பஞ்சு தட்டையாகி, இமைமுடி லென்ஸைத் தொடும் அளவுக்கு அது நெருங்கி வரும். மாலையில் கழற்றும்போது கன்னத்தில் செக்கச்சிவந்த தடம் நிற்கும். ஃபிரேமைப் பிடித்து மெல்ல அசைத்தால் அதோடு சேர்ந்து தோலும் அசைய வேண்டும். அதற்கு மேல் இறுக்கம் தேவையில்லை. இருபுறமும் ஒரே அளவாக இழுத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

கடையில் ஒரு நிமிடம் மட்டும் அணிந்து பார்ப்பது

பத்து நிமிடமாவது அணிந்திருங்கள். கன்ன எலும்பில் வரும் வலி முதல் நிமிடத்தில் வராது.

மூக்குக்கண்ணாடியின் மேல் சாதாரண காகிள்ஸை மாட்டுவது

மூக்குக்கண்ணாடிக்கு மேல் அணிவதற்கென்றே, உள்ளே ஆழம் கூட்டி, கண்ணாடியின் கைகள் போவதற்குப் பஞ்சில் இருபுறமும் பள்ளம் வெட்டிச் செய்யப்படும் காகிள்ஸ்கள் இருக்கின்றன. மற்றவற்றை அணிந்தால், பஞ்சு அந்தக் கைகளை நெற்றிப்பொட்டில் அழுத்திப் புதைக்கும். விழுந்தால் ஆபத்து இன்னும் பெரிது. சரியான வகையை வாங்கினாலும், அகலமான மூக்குக்கண்ணாடி அதற்குள் அடங்காது. ஆகவே, சரிவில் அணியப்போகும் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மூக்குக்கண்ணாடியில் தனியாக ஆவி படிவது தீராத தொல்லை என்பதால், பழகியவர்களுக்குக் கான்டாக்ட் லென்ஸையே நான் பரிந்துரைக்கிறேன்.

கறுத்த லென்ஸ்தான் காக்கும் என்று நம்புவது

காகிள்ஸ் லென்ஸ்கள் உள்ளே விடும் ஒளியின் அளவைக் கொண்டு 0 முதல் 4 வரை வகைப்படுத்தப்படுகின்றன. 1-ஆம் வகை 43 முதல் 80 விழுக்காடு ஒளியை விடும். 3-ஆம் வகை 8 முதல் 18 வரை. 4-ஆம் வகை 3 முதல் 8 வரை மட்டுமே. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பளபளக்கும் 3-ஆம் வகையை வாங்கிவிட்டு, மேகம் கவிந்த நாளில் மேடும் பள்ளமும் தெரியாமல் தடுமாறுகிறார்கள். புற ஊதாத் தடுப்புக்கும் நிறத்தின் அடர்த்திக்கும் தொடர்பில்லை. பாலிகார்பனேட் என்ற நெகிழியால் ஆன வெளிர் நிற லென்ஸும் அக்கதிர்களைத் தடுக்கும். தடுப்பில்லாத கறுத்த லென்ஸோ, கண்மணியை விரிய வைத்து, கதிர்களைக் கூடுதலாக உள்ளே விடும்.

குழந்தைக்கு அடுத்த ஆண்டும் ஆகட்டும் என்று பெரிய அளவு வாங்குவது

வேண்டாம்.

நெற்றியிலும் தொப்பியிலும் ஏற்றி வைப்பது

தலையிலிருந்து எழும் வெப்பமும் வியர்வையும் பஞ்சில் ஊறி, மீண்டும் கண்ணுக்கு இறக்கியதும் லென்ஸ் வெளுக்கும். 1965-இல் பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல்மருத்துவர் இரண்டு லென்ஸ்களை நடுவில் காற்று அடைத்து ஒட்டி, காற்று புகும் பஞ்சையும் சேர்த்து உருவாக்கிய காகிள்ஸின் அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது. குளிர்ந்த வெளி லென்ஸையும் வெதுவெதுப்பான உள் லென்ஸையும் அந்தக் காற்று பிரித்து வைக்கிறது. ஆனால் நனைந்த பஞ்சைக் கண்முன்னே வைத்துக்கொண்டால் எந்த ஏற்பாடும் பலிக்காது. கழற்றத்தான் வேண்டுமென்றால் கழுத்துக்கு இறக்குங்கள், அல்லது மேலங்கியின் உள்பையில் வையுங்கள்.

உள்பக்கத்தைக் கையுறையால் துடைப்பது

லென்ஸின் உள்பக்கத்தில் ஆவி படியாமல் தடுக்கும் பூச்சு, ஈரமாக இருக்கும்போது எளிதில் கெட்டுவிடும். உதறுங்கள், தானாகக் காயட்டும்.

லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று பஞ்சைக் கவனிக்காமல் விடுவது

நாள் முடிந்ததும் காகிள்ஸை அறையின் சாதாரணக் காற்றில் உலர வைக்க வேண்டும்; ஹீட்டரின் மேல் வைத்தால் பஞ்சை ஒட்டிய பசையும், இரண்டு லென்ஸ்களையும் சேர்த்த பசையும் விட்டுப்போகும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் பஞ்சுக்கு ஆயுள் உண்டு. விரலால் அழுத்தி எடுக்கும்போது அது மேலெழும்பாமல் பள்ளமாகவே நின்றாலும், துணுக்குத் துணுக்காக உதிரத் தொடங்கினாலும், முன்பு பொருந்திய ஃபிரேம் இனிப் பொருந்தாது. என் காகிள்ஸின் இடது கன்னப் பக்கத்துப் பஞ்சு சென்ற பருவத்தின் கடைசியில் அப்படித் தட்டையாகிவிட்டது. லென்ஸில் ஒரு கீறல்கூட இல்லாதபோதும் அதை மாற்றிவிட்டேன். புதியதை வாங்கப் போகும்போது தலைக்கவசத்தையும் கையோடு எடுத்துச் சென்று, நான்காவதாக அணிந்து பார்த்ததைத்தான் வாங்கினேன்.