ஒகேனக்கல் சாலையில் மான்: பைக்கில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒகேனக்கல்லுக்கு பைக்கில் போகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கணக்கோடுதான் கிளம்புகிறார்கள். காலையில் புறப்பட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசல் ஏறி, மீன் சாப்பாடு முடித்து, வெயில் தாழ்ந்ததும் பென்னாகரத்தைப் பார்த்துத் திரும்புவது. வெயிலுக்கு அது இதம்தான். ஆனால் புள்ளிமான் மேய வெளியே வருவதும் அதே நேரத்தில்தான். பொழுது சாயும்போதும் விடியும்போதும் மான்களின் நடமாட்டம் அதிகம். ஆகவே முதல் தவறு வண்டியில் ஏறுவதற்கு முன்பே, இன்னொரு தட்டு மீன் வறுவல் சொல்லும்போதே நடந்துவிடுகிறது. நாலு மணிக்கெல்லாம் காட்டைத் தாண்டிவிடுகிறவர்களுக்கு இனி நான் சொல்லப்போவதில் பாதி தேவைப்படாது.

பென்னாகரம் - ஒகேனக்கல் சாலை மட்டுமல்ல, தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகும் வழியும் காட்டுக்குள் புகுந்துதான் போகிறது. 2014-ல் காவிரி வடக்கு, 2022-ல் காவிரி தெற்கு என்று இந்தப் பக்கத்துக் காடுகள் இரண்டு சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் காடு காய்ந்துவிட்டால் தண்ணீர் தேடியும், மழை பெய்தால் சாலையோரத்துப் புல்லுக்காகவும் மான்கள் தார்ச்சாலைப் பக்கம் வரும். எந்த மாதத்திலும் வராது என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்து ஆளை அதிகம் ஏமாற்றுவது, 'மான் போய்விட்டது' என்ற நிம்மதி. ஒன்று குறுக்கே பாய்ந்து மறையும். நாம் பெருமூச்சு விட்டு ஆக்சிலேட்டரைத் திருகுவோம். புள்ளிமான் கூட்டமாக வாழும் விலங்கு. முன்னது தாண்டினால் பின்னதும் அதே இடத்தில் தாண்டப் பார்க்கும், வண்டி வருகிறதே என்று நிற்காது. ஒரு மானைப் பார்த்தால், அது வந்த பக்கத்துப் புதரைப் பார்த்தபடி, ஆள் நடக்கிற வேகத்தில் அந்த இடத்தைக் கடப்பதுதான் சரி.

பஸ் பின்னாலேயே ஒட்டிப் போனால் பயமில்லை என்பதும் இதே வகைதான். பஸ் சத்தத்துக்கு ஓரமாக ஒதுங்கி நின்ற மான், பஸ் போனதும் குதிக்கும். குதிக்கிற இடத்தில் நாம் இருப்போம். போதாக்குறைக்கு, பஸ் மறைப்பதால் ஓரமும் நமக்குத் தெரியாது.

வேகத்துக்கு வருவோம். 'அறுபதில்தானே போனேன்' என்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகும். மானைப் பார்த்து, சுதாரித்து, விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போயாகிவிட்டது. காய்ந்த சமதளச் சாலையில் நன்றாகவே பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னொரு 24 மீட்டர். மொத்தம் 50 மீட்டர் பக்கம். இதுவே 40-ல் போனால் 27 மீட்டர், 80-ல் 76 மீட்டர். டிப் வெளிச்சத்தில் எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள், இருட்டில் 40-க்கு மேல் போக மனம் வராது. இறக்கத்திலும் மணல் படிந்த வளைவிலும் இந்தக் கணக்கும் போதாது. பின்னால் ஆளும் மூட்டையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் சாலையை விட்டு மரக்கிளையைக் காட்டும். கிளம்பும்போதே லைட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மான் எதிரே வந்துவிட்டால் கை தானாக ஹேண்டிலை வெட்டி ஒடிக்கப் பார்க்கும். மானும் திசை மாறும், நாம் ஒடித்த பக்கமே கூட வரும். அது தப்பினாலும் நாம் பள்ளத்திலோ, புளியமரத்திலோ, எதிரே வரும் லாரியிலோ போய் முடிவோம். வண்டியை நேராக நிமிர்த்தி வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொல்வதுதான் முதல் வேலை. முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழும் என்று பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடிக்காமல் சீராக இறுக்க வேண்டும், அவ்வளவுதான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனாலும் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், பின் சக்கரம் வழுக்கலாம். காலி மைதானத்தில் நாலைந்து முறை இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பழகாதவருக்குக் காட்டுச் சாலையில் அந்தப் பழக்கம் திடீரென்று வந்துவிடாது. வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 கிலோவைத் தாண்டும், கடமான் 200 கிலோகூட இருக்கும். இடித்தாலும் குறைந்த வேகத்தில் இடிப்பது பெரிய வித்தியாசம்.

எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம் போட்டுப் போகலாம். ஓரத்தில் இரண்டு புள்ளியாகக் கண் மின்னினால் அப்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் மானுக்கு லைட்டை டிப் செய்து, சின்னதாக ஒரு ஹாரன் அடித்து, விலகும்வரை காத்திருந்தால் போதும். முன்பக்கம் மாட்டிக்கொள்ளும் 'மான் விசில்' என்று ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. அது உதவும் என்று நிரூபணம் இல்லை, அந்தக் காசில் ஹெல்மெட் கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஹாரன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் யானைக் கூட்டம் இறங்கும். முன்னால் நிற்கும் கரிய உருவம் மாடு என்று நினைத்து ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கிவிடாதீர்கள், அது யானையாக இருக்கலாம். சின்ன ஹாரன் மானுக்கு வேண்டுமானால் சரிப்படும். யானைக்கு ஹாரனும் கூடாது, லைட்டை மினுக்குவதும் கூடாது, போட்டோவும் கூடாது. தூரத்திலேயே நின்று, வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

மான் மீது மோதிவிட்டால், நடக்க முடிந்தவர் முதலில் வண்டியையும் ஆளையும் ஓரம் கட்டி, காயம் இருந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். அடிபட்ட மானைத் தூக்கப் போகாதீர்கள். குளம்பால் உதைத்தால் தாங்காது, பயத்திலேயே அதன் உயிரும் போகலாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். செத்துக் கிடக்கிறதே என்று கறிக்கு எடுத்துப் போவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், செத்த மானும் அரசு சொத்துதான். உடைந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது. முழுக் காப்பீடு இருந்தால், வண்டியை அங்கிருந்து எடுத்துப் போவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.