ஒரே படைப்பு, இரு பதிவுகள்: பியானோ வாசிப்பை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் கிளென் கூல்ட், ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1741இல் வெளியிட்ட ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ என்னும் படைப்பை நியூயார்க்கின் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் இருமுறை பதிவு செய்தார். 1955ஆம் ஆண்டுப் பதிவு 38 நிமிடங்களைச் சற்றே கடக்கிறது. 1981ஆம் ஆண்டுப் பதிவு 51 நிமிடங்கள் நீள்கிறது. ஒரு வாசிப்பைக் கேட்டுக் கருத்துச் சொல்பவர்கள் எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள் என்பதை அறிய இவற்றைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. படைப்பும் ஒன்று, கலைஞரும் ஒருவர் என்பதால், மாறியது எது என்று துல்லியமாகக் கேட்டுப் பார்க்க முடிகிறது. ஆயினும் பெரும்பாலோர் அப்படிக் கேட்பதில்லை.

மிகப் பரவலான தவறு, கடிகாரத்தை நம்பித் தீர்ப்பு வழங்குவது. இளைஞராக விரைந்து வாசித்தவர் வயது ஏறியபின் நிதானமாக வாசித்தார் என்று இவ்விரு பதிவுகளைப் பற்றி ஓயாமல் சொல்லப்படுகிறது. இந்தப் படைப்பில் ஆரியா எனப்படும் ஒரு மெட்டும், அதன் அடித்தளச் சுரங்களின் மேல் எழுப்பப்பட்ட 30 வேரியேஷன்களும் (மாறுபட்ட வடிவங்களும்), இறுதியில் மீண்டும் அதே ஆரியாவும் உள்ளன. ஒவ்வொன்றும் இரு பாதிகளாக அமைந்து, ஒவ்வொரு பாதியையும் இருமுறை வாசிக்கலாம் என்ற குறியுடன் எழுதப்பட்டுள்ளது. 1955இல் கூல்ட் எந்தப் பாதியையும் திரும்ப வாசிக்கவில்லை. 1981இலோ, ஒரு குரலை மற்றொரு குரல் சற்றுப் பிந்தித் தொடரும் கேனன்களிலும் வேறு சில வேரியேஷன்களிலும் முதற்பாதியைத் திரும்ப வாசித்தார். ஆகவே கூடுதலான நிமிடங்களில் ஒரு பங்கு நிதானத்தால் வந்ததன்று, திரும்ப வாசித்ததால் வந்தது. தொடக்க ஆரியா உண்மையிலேயே மெதுவாகிவிட்டது என்பதில் ஐயமில்லை. முதற்பதிவில் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தது, பிற்பதிவில் மூன்று நிமிடங்களைக் கடக்கிறது. ஆனால் படைப்பின் துயரம் மிகுந்த பகுதியாகிய 25ஆம் வேரியேஷனை எடுத்துக்கொண்டால், அங்கு இளைஞர் கூல்ட்தான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். வயதோடு எல்லாம் மெதுவாகிவிட்டது என்ற கதை அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

பிற்பதிவில் வேரியேஷன்களின் காலப்பிரமாணங்கள் ஒன்றுக்கொன்று கணக்கான விகிதத்தில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. படைப்பு முழுவதும் ஒரே துடிப்பு அடியில் ஓட வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று கூல்ட் தாமே 1982இல் ஒரு நேர்காணலில் விளக்கியிருக்கிறார். அதைக் கேட்க வேண்டுமானால், தனித்தனி வேரியேஷன்களின் வேகத்தை அளப்பதைவிட, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில் காதைக் கூர்மையாக்குவதே பயன் தரும். முதற்பதிவின் துள்ளல் எனக்கு இன்றும் பிடிக்கும் என்றாலும், அந்த இணைப்புகளைக் கவனித்தபின் பிற்பதிவே ஆழமான சிந்தனையின் விளைவு என்று கருதுகிறேன்.

அடுத்த தவறு, “பாக் இப்படி நினைத்திருக்கவே மாட்டார்” என்று உறுதியாகச் சொல்வது. ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ இரண்டு விசைப்பலகைகள் கொண்ட ஹார்ப்சிகார்டு என்னும் பழைய தந்திக் கருவிக்காக எழுதப்பட்டது. அந்தக் கருவியில் விசையை அழுத்தும் வலிமையைப் பொறுத்து ஒலி கூடவோ குறையவோ செய்யாது. வேகத்தைக் குறிக்கும் சொற்களையும் பாக் மிகச் சில வேரியேஷன்களுக்கே தந்துள்ளார். எனவே பியானோவில் இதை வாசிக்கும் எவரும், அவர் எவ்வளவு அடக்கமானவராக இருந்தாலும், ஒலியளவையும் பெரும்பாலான இடங்களில் வேகத்தையும் தாமே தீர்மானித்தாக வேண்டும். மறுபுறம், இசையமைப்பாளர் தெளிவாக எழுதிவைத்த இடங்களிலும் நாம் பழக்கத்தையே அளவுகோலாகக் கொள்கிறோம். பேத்தோவன் தம் ‘ஹாமர்கிளாவியர்’ என்னும் பியானோ சொனாட்டாவின் முதற்பகுதிக்கு, தாளத்தை அளக்கும் மெட்ரோனோம் கருவியின் கணக்கில், நிமிடத்திற்கு 138 அரைக்கால அளவுச் சுரங்கள் (half notes) என்று வேகம் குறித்திருக்க, அந்த வேகத்தை நெருங்க முயலும் கலைஞரையே அவசரக்காரர் என்கிறோம். முதலில் கேட்டுப் பழகிய பதிவை மூலச்சுவடி என்று எண்ணிக்கொள்வதன் விளைவு இது.

கலைஞரின் வாழ்க்கை வரலாற்றைச் சுரங்களுக்குள் தேடுவதும் அத்தகையதே. பிற்பதிவு வெளியான சில நாட்களில், 1982 அக்டோபர் 4 அன்று, 50 வயதில் கூல்ட் இறந்தார். அன்றிலிருந்து அந்தப் பதிவை ஒரு விடைபெறலாகக் கேட்பவர்கள் ஏராளம். அதைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 48. அதற்குப் பின்னரும் அவர் பிராம்ஸின் பியானோ படைப்புகளைப் பதிவு செய்தார். 1982 கோடையில் வாக்னரின் ஒரு படைப்பை இசை நடத்துநராக நின்று பதிவு செய்தார். விடைபெற எண்ணியவரின் நடவடிக்கைகளாக இவை தோன்றவில்லை. ஒலிப்பதிவின் இயல்பையும் கருவியின் இயல்பையும் கலைஞரின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: முதற்பதிவு ஒற்றைத்தட மோனோ, ஸ்டைன்வே பியானோ, பிற்பதிவு டிஜிட்டல், யமஹா பியானோ.

முன்கூட்டியே சொல்லப்பட்டதைக் காதால் கேட்டதாக எண்ணிக்கொள்வது இவற்றைவிடக் கடுமையான தவறு. 1962 ஏப்ரல் 6 அன்று கார்னெகி அரங்கில் பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோவை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, கூல்ட் வாசிக்கவிருந்தார். இசைக்கு முன் நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் அவையோரிடம், இந்த வாசிப்பின் அணுகுமுறையில் தமக்கு முழு உடன்பாடு இல்லை என்றும், ஆயினும் அது கேட்கத் தக்கது என்றும் அறிவித்தார். அதன்பின் அந்த நிகழ்ச்சி, தாங்க முடியாத அளவு மெதுவான வாசிப்பு என்றே பெயர் பெற்றது. பின்னர் 1980களில் பியானோ கலைஞர் கிறிஸ்டியன் சிமர்மானுடன் இதே கன்செர்ட்டோவை அதே பெர்ன்ஸ்டைன் பதிவு செய்தபோது, மொத்த நேரம் ஏறத்தாழ அதே அளவாகவே இருந்தது. அதைக் குறித்து அத்தகைய கூச்சல் எழவில்லை.

இதன் உச்சம் ஜாய்ஸ் ஹாட்டோவின் விவகாரம். நோயுற்று மேடையைத் துறந்த அந்த ஆங்கிலேயக் கலைஞரின் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகள் வெளியாகிப் புகழப்பட்டன. 2007இல் ஒருவர், இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் படைப்புகள் அடங்கிய அவருடைய தகட்டைக் கணினியில் இட்டபோது, அது லாஸ்லோ சிமோன் என்னும் வேறொரு பியானோ கலைஞரின் பதிவு என்று திரையில் காட்டியது. தொடர்ந்த ஆய்வில், பல தகடுகள் வெவ்வேறு கலைஞர்களின் பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும், சிலவற்றின் வேகம் கருவி கொண்டு மாற்றப்பட்டிருந்தது என்பதும் வெளிப்பட்டன. அவருடைய கணவர் பின்னர் அதை ஒப்புக்கொண்டார். புகழ்ந்தவர்களின் காதை இதற்காகப் பழிப்பது முறையன்று, ஏனெனில் அவர்கள் கேட்டது பெரும்பாலும் நல்ல வாசிப்பையே. நோயை வென்ற மன உறுதியை அந்தத் தொடுகையில் கேட்டதாக நம்பிய இடத்தில்தான் அவர்கள் ஏமாந்தனர். தகட்டுக்குத் தகடு வாசிப்பு முறை மாறி ஒலித்ததைக் கவனித்தவர்கள்கூட, அதை ஒரே கலைஞரின் பன்முகத் திறமை என்று விளக்கிக்கொண்டனர்.