மொட்டை மாடியில் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்தல்

அமாவாசையை ஒட்டி, மழை ஓய்ந்த புழுக்கமான இரவில், மொட்டை மாடிக் கொடியில் வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிட்டு அதன் முன் விளக்கேற்றினால், சிறிது நேரத்தில் அந்துப்பூச்சிகள் வந்து அமரத் தொடங்கும். புற ஊதாக் கதிர்களையும் உமிழும் பாதரச ஆவி விளக்கே சிறந்தது. சாதாரண எல்இடி விளக்குக்கு வரத்து குறைவு.

ஒவ்வொன்றையும் அமர்ந்த நிலையிலேயே, பக்கத்தில் அளவுகோல் தெரியும்படி மேலிருந்து படமெடுத்து, இடம், தேதி, நேரம், வானிலை ஆகியவற்றை அன்றிரவே குறித்துக்கொள்ள வேண்டும். மறுநாள் நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாலும் பிழையில்தான் முடிகிறது. அருகில் அரளிச் செடி இருந்தால், அதன் இலையைத் தின்று வளர்ந்த, பச்சைப் பளிங்கு போன்ற கோலமுடைய பருந்து அந்துப்பூச்சியும் வரக்கூடும். இனம் தெரியாதபோது ஊகிக்காமல், பூச்சி சேர்ந்த உயிரியல் குடும்பத்தின் பெயருடன், உயிரினங்களைப் பதிவு செய்யும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிவேற்றலாம். விடியுமுன் விளக்கை அணைத்துத் துணியை மெல்ல உதறிவிட வேண்டும். இல்லையேல் கரிச்சான் குருவிகளுக்கு அது பந்தியாகிவிடும்.