பத்தாயிரம் வெள்ளிக்கு சிடி பிளேயரா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

காடி வாங்கப் போனா நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறதே ஸ்பேர் பார்ட் கிடைக்குமா, யாரு செய்வாங்கன்னுதான். அதே ஆளு எட்டாயிரம் பத்தாயிரம் வெள்ளி எடுத்துக்கிட்டு சிடி பிளேயர் வாங்கப் போனா மட்டும் உள்ள என்ன சிப், எத்தனை பிட், எத்தனை கிலோ வெயிட்டுன்னு கேட்டுட்டு வந்துடுறாரு. இதுவும் ஓடுற மெஷின்தான்லா. மோட்டார் சுத்துது, லேசர் கண்ணு நகருது, தட்டு உள்ள போயி வெளிய வருது, அதுல ஒண்ணு மக்கர் பண்ணினாலும் மீதியெல்லாம் வெறும் அலங்காரப் பொட்டிதான். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு, ரிப்பேர்னா ஈப்போவுல ஆள் தேடி, அங்கயும் முடியாம கேஎல்லுக்குத் தூக்கிட்டு ஓடுறவங்களப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுறேன்.

ரொம்பப் பேர் மாட்டுறது ஜப்பான் செகண்ட்ஹேண்ட் செட்டுலதான். விலையப் பார்த்தா ஆசையா இருக்கும், அக்யூஃபேஸ், லக்ஸ்மேன், எசோடெரிக்னு பெரிய பேரெல்லாம் பாதி விலைக்கு ஆன்லைன்ல வருது, படத்துல கீறல் கூடத் தெரியாது. ஆனா பின்பக்கப் படம் போட்டிருக்க மாட்டாங்க. கேட்டு வாங்கிப் பாருங்க, கரண்டு வயர் சொருகுற இடத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல ஏசி 100 வோல்ட்னு அடிச்சிருக்கும். நம்ம ஊரு கரண்டு 230, வாய்ப்பேச்சுல 240. எங்க தாமான்ல ஒரு அண்ணன் இதப் பார்க்காம கடையில விக்கிற டிராவல் அடாப்டரைச் சொருகி சுவிட்சைத் தட்டிட்டாரு. டிஸ்பிளே கூட எரியல, 'டப்'புனு ஒரே சத்தம், கொஞ்ச நேரத்துல வார்னிஷ் கருகுற வாசம் ஹால் பூரா. அடாப்டர் பின்னோட வடிவத்தத்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாதுன்னு விக்கிறவன் சொல்லணும்ல, சொல்லல. ஜப்பான் செட்டுதான் வேணும்னா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கண்டிப்பா போடணும், அதுலயும் 110 வோல்ட் குடுக்குறதுதான் கடையில ஈஸியா கிடைக்கும், உங்களுக்கு வேண்டியது 100. சிடி பிளேயர் ரொம்பக் கரண்டு இழுக்காது, அதனால சின்ன டிரான்ஸ்பார்மரே போதும், ஆனா அதைப் பிளேயர் பக்கத்துலயே வைக்காதீங்க, ஹம் சத்தம் சேர்ந்துக்கும்.

அடுத்தது லேசர். பழைய ஹை எண்ட், அதாவது விலை கூடின பிளேயர் நிறைய, பிலிப்ஸ் சிடி ப்ரோ 2ங்கிற லேசரும் மோட்டாரும் சேர்ந்த மெக்கானிசத்த வச்சு செஞ்சது, அருமையான சாமான்தான், ஆனா அதோட தயாரிப்பு எப்பவோ நின்னு போச்சு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி மாடல் பேரைப் போட்டு லேசர் நம்பர் என்னன்னு தேடுங்க, அந்த நம்பர் இன்னிக்கும் புதுசா கிடைக்குதா, இல்ல வேற செட்ல இருந்து கழட்டினதுதான் கிடைக்குதான்னு பாருங்க. கம்பெனி பெருசுங்கிறதால பயமில்லன்னு நினைக்காதீங்க, ஒப்போ எவ்வளவு நல்ல பிளேயர் செஞ்சாங்க, 2018ல புது பிளேயர் செய்யுறதையே நிறுத்திட்டாங்க.

நேர்ல டெஸ்ட் பண்ணப் போனா முதல் பாட்டைக் கேட்டுட்டுத் தலையாட்டாதீங்க. சிடி உள்வட்டத்துல ஆரம்பிச்சு வெளிவட்டத்துக்குப் போகும், உள்ள படிக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, வெளி ஓரத்துல சுமார் 200. 70 நிமிஷத்துக்கு மேல ஓடுற டிஸ்க் ஒண்ணு கையோட கொண்டு போங்க, முதல் பாட்டு, உடனே கடைசிப் பாட்டு, திரும்ப முதல் பாட்டுன்னு மாத்தி மாத்தி அழுத்துங்க. தேய்ஞ்ச மெக்கானிசம் அங்கதான் முழிக்கும், ஒரு செகண்டுல போக வேண்டியது கிர்ர் கிர்ர்னு தேடிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒரு மணி நேரமாவது விடாம ஓட விடுங்க, சில செட் சூடானப்புறம்தான் தாவ ஆரம்பிக்கும். விக்கிறவரு அவசரப்படுத்தினா டீ வாங்கிக் குடுத்து உக்கார வைங்க.

டிஸ்க்குன்னதும் இதச் சொல்லியே ஆகணும். தோட்டத்துல கிராணியா இருந்து ரிட்டயர் ஆன அங்கிள் ஒருத்தரு, பிஸ்கட் டின் நெறைய பழைய பாட்டு சேர்த்து வச்சிருக்காரு, முக்கால்வாசி பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கினது, ஒரே டிஸ்க்ல 150 பாட்டு. மகன் ஆசையா நல்ல விலையில பிளேயர் வாங்கிக் குடுத்தான். அங்கிள் டிஸ்க்கைப் போட்டா 'நோ டிஸ்க்'னு வருது, இன்னொண்ணு, அதுக்கும் அதேதான், அவருக்கு முகமே செத்துப் போச்சு. பிளேயர் மேல தப்பில்ல, அது எம்பி3 டிஸ்க், ஹை எண்ட் பிளேயர்ல பல மாடல் எம்பி3 படிக்கவே படிக்காது. வீட்டுல எழுதின சிடிஆர் டிஸ்க்கும் பழைய பிளேயர்ல சில சமயம் தகராறு பண்ணும், அழிச்சு எழுதுற சிடிஆர்டபிள்யூன்னா இன்னும் மோசம், லேசர் வெளிச்சத்த அது ரொம்பக் கம்மியாத்தான் திருப்பி அனுப்பும். ஆக உங்க டின்ல என்ன இருக்குன்னு முதல்ல கொட்டிப் பாருங்க. எஸ்ஏசிடிங்கிற உசத்தி ரக டிஸ்க்குக்குன்னு கூட ரெண்டாயிரம் மூவாயிரம் குடுக்குறதும் இதே கதைதான், நம்ம படப் பாட்டு எஸ்ஏசிடில தேடினா கிடைக்கிறது அபூர்வம், வெஸ்டர்ன் கிளாசிக்கல், ஜாஸ் கேக்குறவங்களுக்கு சரி.

டிரான்ஸ்போர்ட்டுன்னு ஒரு ஜாதி இருக்கு, கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி மாதிரி. பார்க்க அச்சு அசல் சிடி பிளேயர்தான், ஆனா டிஜிட்டல பாட்டு சிக்னலா மாத்துற டேக் சிப் உள்ள கிடையாது, டிஜிட்டல் சிக்னல் மட்டும்தான் வெளிய வரும். உங்க ஆம்பிளிபயர்ல டிஜிட்டல் இன்புட் இல்லன்னா வீட்டுக்குக் கொண்டு வந்து பேந்தப் பேந்த முழிக்க வேண்டியதுதான்.

சிப் பைத்தியம் பத்தி ரொம்பப் பேச ஆரம்பிச்சா சண்டை வரும். டிஸ்க்ல இருக்கிறது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், 1982ல முதல் பிளேயர் கடைக்கு வந்தப்பவும் அதான், இப்பவும் அதான், 32 பிட்னு பொட்டி மேல போட்டுட்டா டிஸ்க்ல இல்லாத சங்கதி புதுசா முளைக்காது. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல டேக் சிப் செய்யுற ஏகேஎம் கம்பெனி ஃபேக்டரி எரிஞ்சப்ப பல கம்பெனி வேற சிப்புக்கு மாறிச்சு, பாட்டு நின்னா போச்சு? பவர் சப்ளையும், சிக்னலை வெளிய அனுப்புற அவுட்புட் ஸ்டேஜும் எப்படிச் செஞ்சிருக்காங்கங்கிறதுலதான் விஷயம் இருக்கு, அத பேப்பர்ல பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, காதுலதான் கேக்கணும்.

காதுல கேக்குறதுலயும் ஒரு சூது இருக்கு. வழக்கமா சிடி பிளேயர் அவுட்புட் 2 வோல்ட், சில பிளேயர் அதுக்கு மேல குடுக்கும், எக்ஸ்எல்ஆர்ங்கிற மூணு பின் வயர் போட்டா பெரும்பாலும் டபுள். வால்யூம் திருகை அப்படியே வச்சுட்டு ரெண்டு பிளேயரை மாத்தி மாத்திக் கேட்டா சத்தம் கூட வர்றதுதான் 'கிளியரா இருக்கு'ன்னு தோணும். போன்ல சவுண்டு மீட்டர் ஆப் போட்டு ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துட்டுக் கேளுங்க, பாதி வித்தியாசம் காணாமப் போயிடும். ஸ்பீக்கர் சுமாரா இருந்தா அந்த மீதியும் தெரியாது, முதல்ல அதுல காசப் போடுங்க.

வாங்குனத எங்க வைக்கிறோம்னு யாரும் யோசிக்கிறதில்ல. ஆஸ்ட்ரோ டிவி டிகோடரைத் தூக்கி அது தலையில வைக்காதீங்க, அந்தச் சூடு வேற. ரேகா கம்பெனி பிளேயர் மாதிரி மேல மூடி திறக்குற டாப் லோடர்னா அலமாரித் தட்டுல கை போற இடம் இருக்கான்னு அளந்துட்டுப் போங்க. செம்பனை பக்கத்துல வீடு இருக்கிறவங்களுக்குப் பல்லி, எறும்பு தொல்லை சொல்லவே வேணாம், பிளேயர் கதகதப்பா இருக்கும், காத்து ஓட்டை வழியா உள்ள பூந்துடும், ஒரு பல்லி பவர் சப்ளை போர்டுல மாட்டினாலே போதும் ஷார்ட்தான். நம்மூரு இடி மின்னலுக்கு ஸ்டாண்ட்பை பட்டன் அமுக்கினாப் பத்தாது, பிளக்கையே கழட்டிடணும்.

கடைசியா வாரண்டி. ஏபி செட்டு, அதாவது ஏஜெண்டு வழியா வராம தனியா இறக்குமதி ஆனது, விலை கம்மிதான், ஆனா பழுதானா இங்க இருக்கிற ஏஜெண்டு தொட மாட்டேன்னு சொல்லலாம். லோக்கல் வாரண்டின்னா லேசருக்கும் சேர்த்தா, எத்தனை வருசம், கேஎல்லுக்கு அனுப்புற கூலி யாரு தலையில, இத ரசீதுலயே எழுதி வாங்குங்க. சில மாடல்ல அடியில டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கும், பாட்டுப் போடுறதுக்கு முன்னாடி கழட்டணும், லாரில ஏத்துறதுக்கு முன்னாடி திரும்ப மாட்டணும், இல்லன்னா போற வழியிலயே லேசர் ஆடிப் போயிடும். அந்த ஸ்க்ரூவை டேப் போட்டு ரசீதோட ஒட்டி வைங்க, அட்டைப் பொட்டியையும் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடாதீங்க.