சந்தேகம்னாலே டவுட் இல்ல: நம்பிக்கை இல்லாததை இங்கிலீஷ்ல சரியா சொல்றது எப்படி

தமிழ்ல சந்தேகம்ங்கற ஒரே வார்த்தைய வச்சே எல்லாத்தையும் சொல்லிடுவோம், கணக்கு புரியலன்னாலும் சந்தேகம், மழை வருமான்னும் சந்தேகம், ஒருத்தர் மேலயும் சந்தேகம். இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் தனித்தனி வார்த்தை இருக்கு, அதனாலதான் குழப்பம் வருது.

கிளாஸ்ல 'ஐ ஹேவ் எ டவுட்'னு சொன்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், அத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அமெரிக்காக்காரங்க இருக்கற மீட்டிங்ல அப்படி சொன்னா, நீங்க சொல்றத நான் நம்பலன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, அங்க 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'னே கேளுங்க.

இதவிட பெரிய சிக்கல் டவுட்டும் சஸ்பெக்ட்டும்தான். என் தங்கச்சி ஆபீஸ்ல ஒரு பில்ல யாரோ மாத்திட்டாங்க, வெண்டர்தான் மாத்திருப்பாருன்னு சந்தேகம், அத அப்படியே 'வீ டவுட் த வெண்டர் சேஞ்ச்ட் இட்'னு மெயில் போட்டுட்டா. படிச்ச மேனேஜர் வெண்டர் மாத்திருக்க மாட்டாருன்னு புரிஞ்சுகிட்டு அந்த விஷயத்த அதோட விட்டுட்டார், பாவம் ரெண்டு நாள் அலைஞ்சா. இப்படி ஞாபகம் வச்சுக்கோங்க: நடந்திருக்காதுன்னு தோணினா டவுட், நடந்திருக்கும்னு தோணினா சஸ்பெக்ட்.

சஸ்பிஷஸ்ல ரெண்டு பக்கமும் இருக்கு. 'ஹி இஸ் சஸ்பிஷஸ் ஆஃப் மீ'ன்னா அவன் என்னை சந்தேகப்படறான், 'ஹி லுக்ஸ் சஸ்பிஷஸ்'னா அவன் முழியே சரியில்ல.

அப்புறம் இந்த 'ஆன்'. 'அவர் மேல நம்பிக்கை இல்ல'ல வர்ற 'மேல'தான் நம்மள 'ட்ரஸ்ட் ஆன் ஹிம்'னு சொல்ல வைக்குது. 'ஐ டோன்ட் ட்ரஸ்ட் ஹிம்'னு சொன்னா போதும், நடுவுல எதுவும் வேணாம். நம்பலன்னு சொல்ற டிஸ்ட்ரஸ்ட், மிஸ்ட்ரஸ்ட் ரெண்டுக்கும் இதேதான், ரெண்டுக்கும் வித்தியாசம் ரொம்ப கம்மி, அனுபவப்பட்டு நம்பிக்கை போயிருந்தா டிஸ்ட்ரஸ்ட் நல்லா பொருந்தும்.

ஆதாரம் காட்டினா நம்பறேன்னு இருக்கறவங்க ஸ்கெப்டிகல். சூடு கண்ட பூனை மாதிரி ஜாக்கிரதையா இருந்தா வேரி (wary), இது எனக்கு ரொம்ப பிடிச்ச வார்த்தை, யாரையும் குத்தம் சொல்லாம நம்ம தயக்கத்த மட்டும் சொல்லும். 'ஐ ஆம் வேரி ஆஃப் ஆன்லைன் லோன்ஸ்'னு சொல்லலாம். ஸ்பெல்லிங்ல நடுவுல ஒரு 'ஈ' சேர்ந்துட்டா அது வியரி (weary), அசந்துபோய் இருக்கேன்னு அர்த்தமாயிடும்.

க்ளையன்ட் கிட்ட இந்த வார்த்தையெல்லாம் கொஞ்சம் காரம், அங்க 'ஐ ஆம் நாட் கன்வின்ஸ்ட் யெட்'னு சொல்லிட்டு என்ன விவரம் வேணும்னு கேட்டுடுங்க.