கியூபெக்கில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில இலக்கியம் என்றால் டொராண்டோவுக்குத்தான் போக வேண்டும் என்று, கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில் இருப்பவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். மொன்றியலில் மெக்கில், கொன்கோர்டியா என்று இரண்டு ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. லெனொக்ஸ்வில்லில் உள்ள பிஷப்ஸ் பல்கலைக்கழகம் 1843இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சில் இயங்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தில்கூட ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெறலாம்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. கியூபெக்கில் 11ஆம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதன்பின் இரண்டு ஆண்டு சீஜெப் என்னும் கல்லூரிப் படிப்பு, அப்புறம்தான் பல்கலைக்கழகம். சீஜெப் முடித்தவர்களுக்குப் பட்டப்படிப்பு மூன்று ஆண்டு, 90 கிரெடிட். வெளியிலிருந்து 12ஆம் வகுப்பு முடித்து வருபவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு ஆண்டு, 120 கிரெடிட். மூன்று ஆண்டுக்கு மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு வந்தால் கடைசி ஆண்டில் திண்டாட வேண்டியிருக்கும்.

மொன்றியல் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு வேறொரு சிக்கல் உண்டு. 1977இல் வந்த 101ஆம் சட்டப்படி, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். கட்டுரை எழுதும் பழக்கமும் அங்கேதான் வருகிறது: பொதுவான ஒரு முன்னுரை, ஒரு கேள்வி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடைசியில் தீர்ப்பு. ஆங்கில இலக்கிய வகுப்பில் இது எடுபடாது. உங்கள் வாதம் என்ன என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, பிறகு நூலின் வரிகளை ஒவ்வொன்றாக அலசிக் காட்ட வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள்கூட இந்த ஒரு காரணத்தால் மதிப்பெண் இழக்கிறார்கள். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முதல் வரைவை வழக்கம்போல் எழுதுங்கள். பிறகு கடைசிப் பத்தியைத் தூக்கி முதலில் வைத்துவிட்டு, மீதியைத் திருத்தி எழுதுங்கள். நீங்கள் சொல்ல வந்தது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.

ஆங்கில நாவலைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்துச் சமாளிப்பதும் வேண்டாம். மொன்றியல் எழுத்தாளர் மொர்டெக்காய் ரிச்லர் இந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களில் சில முன்பு பிரான்சில் மொழிபெயர்க்கப்பட்டன. இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஹாக்கி விஷயங்களே அந்த மொழிபெயர்ப்புகளில் தடுமாறின. 2015 முதல் மொன்றியலின் போரியல் பதிப்பகம் ரிச்லரின் நாவல்களைப் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டது. புதிய மொழிபெயர்ப்பு நல்லதுதான். ஆனாலும் கட்டுரை எழுத மூலத்தைத்தான் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த வரியை இவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிரெஞ்சைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் படிப்பது. கியூபெக்கில் எழுதப்பட்ட ஆங்கில இலக்கியத்தில் பெரும்பகுதி, பிரெஞ்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. 1945ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்வதைப் பற்றி ஹியூ மக்லென்னன் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அந்த ஆண்டு வந்தது. மொன்றியலின் சென்ட் ஆன்றி பகுதி ஏழைகளைப் பற்றி கப்ரியேல் ருவா பிரெஞ்சில் எழுதிய நாவலும் அதே ஆண்டுதான் வந்தது. முதல் கதை 1939இல் போர் தொடங்கும் நேரத்தில் முடிகிறது. இரண்டாவது கதை 1940இல் நடக்கிறது, அதில் வேலையில்லாத இளைஞர்கள் சம்பளத்துக்காகப் பட்டாளத்தில் சேர்கிறார்கள். அடுத்தடுத்துப் படித்தால் ஒரே நகரத்தின் இரண்டு பாதிகளும் தெரியும். ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கவிதையிலும் அப்படித்தான். மெக்கிலில் சட்டம் கற்பித்த கவிஞர் எஃப். ஆர். ஸ்காட், கியூபெக் கவிஞர் ஆன் எபேரின் பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1969இல் ஷேர்புரூக்கில் தொடங்கிய 'எலிப்ஸ்' இதழ், ஆங்கிலக் கவிஞர்களையும் பிரெஞ்சுக் கவிஞர்களையும் சேர்த்து வைத்து, ஒருவரை மற்றவர் மொழியில் தந்தது. ஷேர்புரூக் பல்கலைக்கழகத்தில் கனடிய இலக்கியத்தை இரு மொழியிலும் ஒப்பிட்டுப் படிக்கும் பட்டமேற்படிப்பும் வந்தது. உங்கள் பிரெஞ்சு நன்றாக இருந்தால் அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். வன்கூவரில் அதே பாடம் படிப்பவருக்கு எளிதில் கிடைக்காத தகுதி அது.

கியூபெக் நகரில் இருப்பவர்கள் ஆங்கிலப் புத்தகம் கிடைக்காது என்று சோர்ந்துபோக வேண்டாம். பழைய நகரில், முன்பு சிறைச்சாலையாக இருந்த கட்டடத்தில் மொரின் மையம் இருக்கிறது. அதற்குள் ஓர் ஆங்கில நூலகம் உண்டு. மொன்றியலில் இருந்தால், மெக்கிலுக்குப் பக்கத்தில் மில்டன் தெருவில் உள்ள பழைய புத்தகக் கடைக்கு, பாடப்புத்தகப் பட்டியல் கைக்கு வந்த வாரமே போய்விடுங்கள். வசந்த காலத்தில் நடக்கும் ப்ளூ மெட்ரோபொலிஸ் இலக்கிய விழாவில் ஆங்கில அமர்வுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், பிரெஞ்சு அமர்வு ஒன்றிலாவது உட்கார்ந்து கேளுங்கள்.