ஃபேர்னஸ் நிண்டு நிண்டு போகுதோ? ஆளைக் கூப்பிட முதல் 15 நிமிஷம் அதுக்கு முன்னால இருந்து பாருங்கோ

ரொறன்ரோ ஸ்காபரோவில வீடு வாங்கின முதல் வின்ரர். வெளியில மைனஸ் 18, இரவு 2 மணிக்கு மூக்கு நுனி குளிருதெண்டு எழும்பிப் பார்த்தா தேர்மோஸ்டற்றில 16 எண்டு காட்டுது, கீழ பேஸ்மென்றில வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் கொஞ்ச நேரம் உறுமுது, நிக்குது, திரும்பவும் உறுமுது, திரும்பவும் நிக்குது. பயத்தில அந்த நேரத்திலயே ஒரு ஆளைக் கூப்பிட்டன். வந்தவர் காத்தில தூசி பிடிக்கிற ஃபில்டரை இழுத்துக் காட்டினார், கம்பளி மாதிரிக் கிடந்தது. அதை எறிஞ்சுபோட்டு 200 டொலருக்கு மேல பில் எழுதித் தந்திட்டுப் போனார். அவரில என்ன பிழை, அப்பிடி ஒரு சாமான் அதுக்குள்ள இருக்கெண்டே தெரியாமல் 5 மாசம் இருந்தது நான்தானே.

முதல் ஒரு விஷயம். காஸ் மணம் வந்தா, இல்லாட்டி கார்பன் மொனொக்சைட் அலாரம் அடிச்சா, ஒண்டையும் நோண்டாதேங்கோ, சுவிட்சுகூடப் போடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியில போய் 911க்கு எடுங்கோ. அது இல்லையெண்டா மட்டும் மிச்சத்தை வாசியுங்கோ.

காஸ் ஃபேர்னஸ் ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கிலதான் எழும்பும். தேர்மோஸ்டற் சூடு கேட்டதும் முதல்ல ஒரு சின்ன மோட்டர் புகையை வெளியில தள்ளத் தொடங்கும், அது சரியா இழுக்குதெண்டு பிரஷர் சுவிட்ச் ஓம் எண்டாப் பிறகுதான் இக்னைற்றர் சிவந்து காஸ் திறந்து நெருப்பு பிடிக்கும், நெருப்பு உண்மையா எரியுதோ எண்டு ஃபிளேம் சென்சர் பார்க்கும், பிறகு அரை நிமிஷம் ஒரு நிமிஷத்தில பெரிய ஃபான் சுத்தி மேல சூட்டுக்காத்து வரும். இதில எந்த இடத்தில நிக்குதெண்டு தெரிஞ்சா வருத்தம் பாதி பிடிபட்ட மாதிரி. ஆகவே ஒரு கதிரையையும் தேத்தண்ணியையும் கொண்டு போய் முன்னால இருங்கோ. கீழ்க் கதவில சின்னக் கண்ணாடி இருந்தா அதுக்குள்ள ஒரு லைற் மின்னுறது தெரியும், எத்தினை தரம் மின்னுதெண்டு எண்ணி எழுதுங்கோ, அதுக்கு அர்த்தம் கதவின்ர உள்பக்கத்தில ஒட்டியிருக்கும். கதவைக் கழட்டினா கரண்ட் நிண்டிடும், அது பழுதில்லை, பாதுகாப்புக்கு வைச்ச சுவிட்ச்.

நெருப்பு வடிவாப் பிடிச்சு சில நிமிஷம் எரிஞ்சு பிறகு நெருப்பு மட்டும் அணைஞ்சு ஃபான் தொடர்ந்து சுத்துதெண்டா உள்ளுக்க அளவுக்கு மிஞ்சிச் சூடாகி லிமிற் சுவிட்ச் வெட்டியிருக்கு. காத்து போதாது எண்டதுதான் கதை. பத்துக்கு ஒம்பது வீட்டில ஃபில்டர் எண்டுதான் நான் சொல்லுவன். 1 இஞ்சி ஃபில்டரை மாசம் ஒருக்கா இழுத்துப் பாருங்கோ, ஆகக் கூடினது 3 மாசத்தில மாத்துங்கோ. அளவு அதின்ர சட்டத்திலயே எழுதியிருக்கும், 16x25x1 எண்ட மாதிரி, அம்புக்குறி ஃபேர்னஸ் பக்கம் பார்க்க வேணும். விலை கூடின ஃபில்டர் நல்லதெண்டு 1 இஞ்சியில மேர்வ் 13 (எவ்வளவு சின்னத் தூசி பிடிக்குமெண்டு காட்டுற நம்பர்) வாங்கிப் போடுற ஆக்கள் இருக்கினம், தூசி நல்லாப் பிடிக்கும்தான் ஆனா காத்தையும் பிடிச்சு வைச்சிடும், சாதாரண வீட்டுக்கு மேர்வ் 8 காணும். பேஸ்மென்ற் கட்டுற வேலை நடந்த வீடெண்டா ட்ரைவோல் தூசியில ஒரு கிழமையிலயே அடைச்சிடும். அதோட எங்கட ஆக்களின்ர இன்னொரு பழக்கம், பாவிக்காத அறையில சூடு வீண் எண்டு சூட்டுக்காத்து வாற வென்ற் எல்லாத்தையும் மூடுறது, மிச்சத்துக்கு மேல சோஃபாவை இழுத்துப் போடுறது. காசு மிச்சமும் பிடிக்காது ஒண்டும் பிடிக்காது, ஃபேர்னஸ்தான் மூச்சுத் திணறும். திறந்து விடுங்கோ. ஃபேர்னஸ் அறைக்குள்ள அரிசி மூட்டை, சூட்கேஸ் அடுக்கியிருந்தா அதையும் எடுங்கோ.

நெருப்பு பிடிச்சு ஒரு 5 செக்கனிலயே அணையுது, திரும்பப் பிடிக்குது, திரும்ப அணையுது, 3 தரத்துக்குப் பிறகு பேசாமல் கிடக்குது எண்டா அநேகமா ஃபிளேம் சென்சர் ஊத்தை. வெள்ளைப் பீங்கானில இருந்து நீட்டிக்கொண்டு நிக்கிற மெல்லிய கம்பி, ஒரே ஒரு வயர், ஒரே ஒரு ஸ்குரூ. கரண்டை நிப்பாட்டி, காஸையும் மூடிப்போட்டு அதைக் கழட்டி, மெல்லிய ஸ்ரீல் வூலால லேசாத் தேய்ச்சு, துணியால துடைச்சுத் திரும்பப் பூட்டுறது. பக்கத்தில நிக்கிற இக்னைற்றரில கை முட்டக் கூடாது, லேசில உடையும். காஸை மூடுற கைப்பிடியைத் தவிர, காஸ் வால்வையும் பைப்பையும் நோண்டவே வேண்டாம். கை நடுங்கிற ஆக்கள் இதை ரெக்னிஷியனுக்கு விட்டிடுங்கோ.

சின்ன மோட்டர் மட்டும் சுத்துது, நெருப்பே வரேல்லையெண்டா ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளியில போங்கோ. வீட்டுச் சுவரில ரெண்டு வெள்ளை பிளாஸ்ரிக் பைப் நீட்டிக்கொண்டு நிக்கும், ஒண்டு காத்தை இழுக்கிறது மற்றது புகையை விடுறது. பெரிய ஸ்நோ கொட்டினாப் பிறகு குவியல் அதை மூடியிருக்கும், இல்லாட்டி வாயில ஐஸ் கட்டியிருக்கும். கையால விலக்குங்கோ, ஷவலால அடிச்சா பைப் வெடிக்கும். அது சரியெண்டா உள்ளுக்க தண்ணி வடியிற சின்னக் குழாயைப் பாருங்கோ, இப்பத்த ஃபேர்னஸ் எல்லாம் எரியேக்க தண்ணி விடும், அந்தக் குழாய் அடைச்சா தண்ணி தேங்கி பிரஷர் சுவிட்ச் விடாது. ஃபேர்னசுக்குக் கீழ ஈரம் கிடந்தா சந்தேகம் அங்கதான்.

தேர்மோஸ்டற் பற்றரியை மாத்திப் பாருங்கோ. ஒருக்கா ஒரு நண்பர் வீட்டில ரெண்டு மணித்தியாலம் மண்டையைப் போட்டு உடைச்சம், கடைசியில பேஸ்மென்ற் படியில இருக்கிற ஃபேர்னஸ் சுவிட்சை லைற் எண்டு நினைச்சுப் பிள்ளை நிப்பாட்டியிருக்கு. கேட்ட சூடு டக்கெண்டு வந்து, உடனே நிண்டு, கொஞ்ச நேரத்தில திரும்ப எழும்பிறதெண்டா வீட்டுக்குப் பெரிய ஃபேர்னஸ் பூட்டியிருக்கலாம், அதுக்கு ஃபில்டர் மருந்தில்லை. மைனஸ் 25இல நிக்காமல் ஓடுதெண்டா அது வருத்தமே இல்லை, ஓட விடுங்கோ.

நிப்பாட்டிப் போட்டுத் திரும்பப் போட்டா ரீசெற் ஆகும், ஆனா ஒண்டு ரெண்டு தரத்துக்கு மேல அதைச் செய்யாதேங்கோ, ஏன் வெட்டினதெண்டு கண்டுபிடிக்காமல் போட்டுக்கொண்டே இருக்கிறது ஆபத்து. ஆளைக் கூப்பிடேக்க ஃபேர்னஸ் பழுது எண்டு சொல்லாமல், நெருப்பு பிடிச்சு 5 செக்கனில அணையுது, லைற் இத்தினை தரம் மின்னுது எண்டு சொல்லுங்கோ, சரியான பார்ட்டோட வருவினம். ஒன்ராறியோவில காஸ் வேலை செய்யிற கொம்பனி டிஎஸ்எஸ்ஏ (TSSA) எண்ட பாதுகாப்பு அமைப்பில பதிஞ்சிருக்க வேணும், கேளுங்கோ. ஹீற் எக்ஸ்சேஞ்சர் (நெருப்பின்ர சூட்டைக் காத்துக்குக் குடுக்கிற பாகம்) வெடிப்பு விட்டிட்டுது, புதுசு போடுங்கோ எண்டு சொன்னா, பாவிக்கிறதை உடனே நிப்பாட்டுங்கோ, ஆனா வெடிப்பைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ, இன்னொரு ஆளையும் கூப்பிட்டுக் காட்டாமல் அந்த இடத்திலயே கையெழுத்து வைக்காதேங்கோ. கூப்பிடாமலே வாசலில வந்து ஃபேர்னஸ் விக்கிறது 2018 மார்ச்சிலயிருந்து இங்க தடை, கதவைத் திறக்கவே தேவையில்லை.

ஆள் வர நாளைக்காகுமெண்டா வெளிச்சுவர்ப் பக்கம் இருக்கிற தண்ணிப் பைப்புகளை நூல் மாதிரி ஒழுக விடுங்கோ, சிங்குக்குக் கீழ இருக்கிற கதவுகளைத் திறந்து வையுங்கோ. குசினி ஓவனைத் திறந்து வைச்சு வீட்டைச் சூடாக்கிற யோசினை மட்டும் வேண்டாம்.